தீபாவளித் தகடு

வீட்டைப் பூட்டிக்கொண்டு மின்தூக்கி வரைக்கும் போன பிறகு, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பிப் போகிற ஆள் நான். அணைந்துதான் இருக்கும். ஒரு நாள்கூட அது எரிந்துகொண்டு இருந்ததில்லை. இருந்தாலும் போவேன். "ஒரே ஒரு நாள் எரிஞ்சிக்கிட்டு இருந்துட்டா இந்த மனுஷனுக்கு நிம்மதியா இருக்கும்" என்பாள் என் மனைவி.

இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுத்த ஒரே இடம் பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வுக்கூடம்தான். தொடக்கப்பள்ளி முடிந்த வருஷமே அப்பா படுத்துவிட்டார். படிப்பை அங்கேயே விட்டுவிட்டு சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக்கடையில் மூட்டை பிரிக்கப் போனேன். எழுபதுகளில் பாதி அந்தக் கடையில் போயிற்று. எலி வந்துவிடுமோ, தராசு தப்பாகக் காட்டுமோ என்று நான் படுத்திய பாட்டில் முதலாளிக்கே தூக்கம் போய்விட்டது. எங்கள் தேவாலயத்து ஃபாதர்தான் யாரிடமோ சொல்லி, குடுவை கழுவும் உதவியாள் வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டார். கழுவின குடுவையை மறுபடி கழுவினால் அங்கே யாரும் திட்டமாட்டார்கள். நல்ல பெயர்கூடக் கிடைத்தது.

எண்பதுகளின் நடுவில், இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். திருச்சிப் பக்கத்துப் பெண், முப்பது வயதைத் தாண்டியிருக்கமாட்டார். நான் அவரை மிஸ் என்று கூப்பிடுவேன். அவர் என்னை அண்ணே என்பார். கணவர் சாலை விபத்தில் இறந்துபோயிருந்தார். பெண்குழந்தை மாமனார் மாமியாரிடம் திருச்சியில் இருந்தது. மாமனார் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தாராம். வேலை நிலைத்தால் குழந்தையை நானே கொண்டுவந்து விடுகிறேன், ரெண்டு வருஷத்தில் திரும்பி வருகிற வேலைக்காகப் பிள்ளையை நாடு விட்டு நாடு அலைக்கழிக்கமாட்டேன். மிஸ் இதை என்னிடம் சொன்னது வந்த முதல் வாரத்தில், குடுவைகளைத் துடைத்துக்கொண்டே. அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. பேசவும் தேவையிருக்கவில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் குழந்தையின் படம் இருந்தது.

அவருடைய வேலை ஒரு பொடியை வைத்து. இரும்பு கலந்த பொடி. குளிரில் வைத்தால் கத்தரிப்பூ நிறம். சூடு பண்ணினால் வெளுத்துப்போகும். மறுபடி குளிர வைத்தால் மறுபடி கத்தரிப்பூ. முதலில் பார்த்தபோது எனக்கு இது பெரிதாகப் படவில்லை. தேக்கா மார்க்கெட்டில் இதைவிட வேடிக்கையான பொம்மைகள் விற்கிறார்கள்.

"நிறத்த விடுங்கண்ணே. இதைப் பாருங்க" என்று ஒரு தராசுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார்.

தராசின் ஒரு பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் தொங்கியது. குழாயில் பொடி. குழாயின் அடிப்பக்கம் ஒரு பெரிய காந்தத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவில் இருந்தது. குளிர்ந்த நிலையில் ஓர் எடை காட்டிற்று. வெந்நீர் சுற்றி ஓட, பொடி வெளுக்க, எடை கூடிற்று. ஒரு துளி பொடிகூடச் சேர்க்கவில்லை. மளிகைக்கடையில் வேலை பார்த்தவனுக்கு இதைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

"தராசு கெட்டுப்போச்சு, மிஸ்" என்றேன்.

அவர் சிரித்தார். "கெடலண்ணே. சூட்டுல இதை காந்தம் இழுக்குது. குளிர்ல இழுக்கல. காந்தம் கீழ இழுக்குறதால எடை கூடுன மாதிரி தெரியுது. ஒவ்வொரு மூலக்கூறுக்குள்ளயும் ஒரு சுவிட்ச் இருக்குன்னு வச்சுக்குங்க. போட்டா காந்தம் கண்டுக்கும். அணைச்சா கண்டுக்காது."

சுவிட்ச் என்றதும் எனக்கு வீட்டு அடுப்பு ஞாபகம் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

எங்கள் பேராசிரியர் சீனர். வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார், கோப்பியை மட்டும் மெதுவாகக் குடிப்பார். அவருடைய எண்ணம் இது: பொடியில் நடப்பது உலோகத் தகட்டின் மேல், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்திலும் நடக்க வேண்டும். போட்டது ஒன்று, அணைத்தது ஒன்று என்று அடுக்கி வைத்தால் கணினி அதில் நினைவு வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் தீவு முழுக்க கணினித் தட்டு செய்யும் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்கூட அப்படி ஒன்றில்தான் ஷிப்ட் வேலை பார்த்தாள். "அவங்க தட்டுல இருக்கிறது மணல்னா நம்மது தூசி லா, அவ்வளவு சின்னது" என்பார் பேராசிரியர், ஊர் வழக்கப்படி ஒரு 'லா'வைச் சேர்த்து. தகட்டில் அது நடந்துவிட்டால் மிஸ்ஸுக்கு இன்னும் மூன்று வருடம் கேட்டு வாங்கலாம் என்றும் சொல்லியிருந்தார். நடக்காவிட்டால் கேட்க ஒன்றும் இல்லை.

நடக்கவில்லை. கண்ணாடிச் சில்லின் மேல் தங்கத்தை ஆவியாக்கிப் பூசிய தகடுகள் எங்களிடம் இருந்தன. ("தங்கத்தை வச்சிக்கிட்டு காவல் காக்குறீங்க, எனக்கு ஒரு மூக்குத்திக்காச்சும் சுரண்டிட்டு வரக்கூடாதா?" என்றாள் மனைவி.) அந்தத் தங்கத்தின் மேல் படலம் ஏறும். ஆனால் ஏறியதும் அசையாது. சூடாக்கினாலும் குளிர வைத்தாலும் ஒரே மாதிரி. படலம் கண்ணுக்குத் தெரியாது என்பதால், அதன் வழியாக ஒளியை விட்டு ஒரு பேனா காகிதத்தில் கோடு வரையும். கத்தரிப்பூ நிறம் இருந்தால் கோட்டில் ஒரு மேடு எழும்பும். வெளுத்தால் மேடு படுத்துவிடும். எங்கள் தகடுகளில் கோடு எப்போதும் படுத்தே கிடந்தது.

"பொடியில துள்ளுது. தங்கத்தைத் தொட்டதும் கட்டிப்போட்ட மாதிரி ஆயிடுது" என்றார் மிஸ்.

படலம் ஏற்றுவதற்கு ஒரு தட்டையான தொட்டி. அதில் சுத்தத்திலும் சுத்தமான தண்ணீர். அந்தப் பொடியின் கரைசலை ஒரு சொட்டு விட்டால் தண்ணீரின் முகத்தில் பரவும். தகட்டை மெல்ல முக்கி எடுத்தால் ஒரு படலம் ஒட்டும். மறுபடி முக்கினால் இன்னொன்று. இந்தத் தொட்டிக்கு எதிரிகள் மூன்று. தூசி, அதிர்வு, எண்ணெய். விரலில் இருக்கிற எண்ணெய் போதும், தண்ணீர் முழுக்கப் பரவிவிடும். கதவில் நானே அறிவிப்பு ஒட்டினேன். பவுடர் போட்டவர், பூ வைத்தவர், தலைக்கு எண்ணெய் வைத்தவர் உள்ளே வரக்கூடாது. ஒட்டியவன் கடைப்பிடிக்க வேண்டும் அல்லவா? நானும் தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டேன். "பரட்டைத் தலையோட பூசைக்கு வராதீங்க, ஃபாதர் பிசாசுன்னு நெனச்சுக்குவாரு" என்றாள் மனைவி. மிஸ்ஸும் விட்டுவிட்டார். இடுப்புவரை இருந்த முடி வைக்கோல் மாதிரி ஆனது.

தூசிக்கும் எண்ணெய்க்கும் நான் இருந்தேன். அதிர்வுக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆய்வுக்கூடம் இருந்த மலைமேட்டுக்குக் கீழே புதிய கட்டடத்தின் கடைக்காலுக்குத் தூண் அடித்துக்கொண்டிருந்தார்கள். டங்... டங்... என்று விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை. தொட்டித் தண்ணீரில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு வட்டம் விரியும். ஆகவே மிஸ் பொது விடுமுறைகளில் வேலை பார்க்க ஆரம்பித்தார். அன்றைக்கெல்லாம் இடி நின்றிருக்கும்.

தீபாவளியும் பொது விடுமுறை.

சாவி என்னிடம் இருந்ததால் நான் போய்த் திறந்தேன். மத்தியானத்துக்கு மேல் மிஸ் வந்தார். தேக்கா மார்க்கெட்டுக்கு மேலே இருக்கிற அடுக்குமாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அந்த வீட்டுக்கார அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு ஒரு டின் நிறையக் கையில் இருந்தது. ஈரம் காயாத முடியைக் கொண்டையாகப் போட்டிருந்தார்.

"அண்ணே, முறுக்கு எடுத்துக்குங்க."

"உள்ள கொண்டு வராதீங்க, மிஸ்!" நான் கத்திவிட்டேன். முறுக்கு எண்ணெயில் பொரித்தது இல்லையா. இரண்டு பேரும் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தின்றோம். அப்புறம் அவரை நான் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தேன். போதாது என்று மறுபடியும் கழுவ வைத்தேன். என் சட்டையில் விழுந்த துணுக்குகளைக் கீழே தாழ்வாரம் வரைக்கும் போய் உதறிவிட்டு வந்தேன்.

"நீங்க இருக்கிறவரைக்கும் எந்த எண்ணெயும் உள்ள வராதுண்ணே" என்றார்.

அன்றைக்குக் கட்டடம் அவ்வளவு அமைதி. மிஸ் தொட்டியின் மேல் குனிந்து நெடுநேரம் வேலை பார்த்தார். சாயங்காலம் தகட்டைக் கருவியில் வைத்தார். குளிர்ந்த நீர் ஓடியது. பேனா ஊர்ந்தது. கோட்டில் ஒரு மேடு. வெந்நீருக்கு மாற்றினார். மேடு படுத்தது. மறுபடி குளிர். மேடு எழும்பிற்று. அவர் திரும்பத் திரும்பச் செய்தார். படுத்தது, எழும்பியது. வெளியே எங்கோ பையன்கள் மத்தாப்பு கொளுத்தியிருக்க வேண்டும், கருகின வாசனை வந்தது. நான் போய் ஜன்னலை மூடினேன். திரும்பி வந்தபோது மிஸ் மேசைக் கண்ணாடியில் முன்கையை வைத்து, அதன்மேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அழுகிறாரோ என்று பயந்தேன். இல்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பேராசிரியர் கோப்பியை ஒரே மடக்கில் குடித்தார். பணம் கொடுக்கும் குழுவுக்கு அன்றைக்கே தகவல் போயிற்று. மார்ச்சில் அவர்கள் வருவதாகவும் கூடவே வெளிநாட்டு நிபுணர் ஒருவரும் வருவதாகவும் பதில் வந்தது. மிஸ் மாமனாருக்கு, வேலை நிலைக்கும்போல இருக்கிறது என்று எழுதினார்.

அதற்கப்புறம் ஒரு தகடுகூட அசையவில்லை.

அதே பொடி, அதே தங்கம், அதே தண்ணீர். நான் தொட்டியை முன்னைவிட அதிகமாகத் துடைத்தேன். குளோரோஃபார்மில் துணியை நனைத்து, மூலை மூலையாக. கோடு செத்துக் கிடந்தது. தீபாவளித் தகட்டை எடுத்து வைத்தால் அது மட்டும் துள்ளும். அதுவும் நாளாக ஆகச் சோர்ந்துகொண்டே வந்தது. மேடு தேய்ந்தது. பேராசிரியர், இடிதான் காரணம், சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் ஊரே அடங்கும், அப்போது பண்ணு என்றார். தன் புத்தாண்டு விருந்துக்கு நடுவில் சிவப்புச் சட்டையோடு அவரே வந்து பார்த்தார். இடி இல்லை, அதிர்வு இல்லை, தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பேராசிரியர் ஆளுக்கு இரண்டு மாண்டரின் ஆரஞ்சு கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு முறுக்கின் மேல்தான் சந்தேகம். துணுக்கு ஒன்று என் காலணியில் ஒட்டி உள்ளே வந்திருக்குமோ? வந்திருந்தால் கெடுத்திருக்க வேண்டுமே, நல்லது எப்படிப் பண்ணும்? இதையே யோசித்துக்கொண்டு பேருந்தில் எங்கள் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். மனைவியிடம் சொன்னேன். "பாவம் அந்தப் பொண்ணு, ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூட்டிட்டு வாங்க" என்றாள். அவளுக்கு எந்தச் சிக்கலுக்கும் முதல் வைத்தியம் மீன் குழம்பு.

மிஸ் வந்தார். ஆப்பத்தையும் மீன் குழம்பையும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான், அது எங்கள் மூவருக்கும் தெரியும். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவரின் பின்னால் போய் என் மனைவி முடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏந்தங்கச்சி, இது முடியா தேங்காய்த் தும்பா? எண்ணெய் கண்டு எவ்வளவு நாளாச்சு?"

"இவர் விடமாட்டாருக்கா" என்றார் மிஸ், என்னைக் காட்டி.

"இவரு கிடக்குறாரு. அவரு தலையில இருக்கிறதே பத்து முடி. அதுக்கு எண்ணெய் வச்சா என்ன, வைக்காட்டி என்ன. நீ பொம்பளப்பிள்ளை. நல்ல நாள் பெரிய நாள்லகூடவா தேய்க்கல?"

"தீபாவளிக்கு மட்டும் தேய்ச்சேன். வீட்டுக்கார அம்மா விடல. விடியறதுக்கு முன்னாடியே எழுப்பி, ஒரு கிண்ணம் நல்லெண்ணெயத் தலையில கொட்டிட்டாங்க. சீயக்காய் போட்டு அலசியும் சரியாப் போகல, அன்னைக்குப் பூரா..."

நிறுத்திவிட்டார்.

என் மனைவி முடியைப் பின்ன ஆரம்பித்திருந்தாள். மிஸ் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் மெதுவாகக் கையை உயர்த்தி, தன் நெற்றியோரத்தைத் தொட்டார். தொட்ட விரல்களைப் பார்த்தார்.

"அண்ணே, நான் அன்னைக்குக் கொண்டையைத் தொட்டுத் தொட்டு ஒதுக்கிட்டே இருந்தேன்ல?"

"ஈரமா இருக்குன்னு நெனச்சேன், மிஸ்."

"ஈரந்தான். ஆனா தண்ணி மட்டும் இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். நான் முறுக்குக்காகக் கத்தியது, படிக்கட்டில் உட்கார்ந்தது, கை கழுவ வைத்தது எல்லாம் எனக்குள் வரிசையாக வந்தன. ஒரு தலை நிறைய எண்ணெய் என்னைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது.

மிஸ் ஒரு தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்து விளக்கினார். எனக்கா என் மனைவிக்கா தெரியவில்லை, தனக்கேகூட இருக்கலாம். தங்கத்தின் மேல் நேராக உட்கார்ந்தால் அந்த மூலக்கூறு அதோடு பிணைந்துபோகிறது. சுவிட்ச் இறுகிவிடுகிறது. நடுவில் எண்ணெய் ஒரு பாய் மாதிரி விரிந்திருந்தால், அதன் மேல் உட்கார்ந்தது தங்கத்தைத் தொடாது. அது சும்மா இருக்கும், பொடியில் இருந்த மாதிரியே துள்ளும். "அப்படித்தான் இருக்கணும்" என்றார். அப்புறம், "அப்படி இருக்கலாம்" என்று திருத்தினார்.

"அப்ப நல்லதாப்போச்சே" என்றாள் மனைவி.

"இல்லக்கா. குழுவுக்குச் சொன்னது சுத்தமான தகடுன்னு. அது அழுக்குத் தகடு. அழுக்குன்னு தெரிஞ்சப்புறம் சும்மா இருந்தா அது பொய். சொன்னா, இதுக்கா மூணு வருஷம்னு கேப்பாங்க."

"சொல்லாட்டி?"

பின்னல் முடிந்ததும் மிஸ், மீதி ஆப்பத்தை இரண்டாக மடித்து முழுசாகச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலையில் பேராசிரியர் அறைக்குள் போனார். போகும்போது என்னையும் வரச் சொன்னார், சாட்சிக்கு. நான் கதவோரம் நின்றேன். மிஸ் சொல்லச் சொல்ல பேராசிரியரின் கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவர்கள் பேசியது ஆங்கிலத்தில். எனக்குப் புரிந்த மட்டில் அது இப்படி இருந்தது.

"எண்ணெயா? என்ன எண்ணெய்?"

"எள்ளெண்ணெய், ப்ரொஃப். தலைக்குத் தேய்க்கிறது."

"எள்ளெண்ணெய் சமைக்கிறது லா. எங்க அம்மா கோழிக்கு ஊத்துவாங்க."

"நாங்களும் சமைப்போம்."

"தலைக்கா, சட்டிக்கா?"

"ரெண்டுக்கும்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஐயா கோபப்படப் போகிறார் என்று நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். குழுவுக்கு எழுதியது அவர் கையெழுத்தோடு போனது. ஜன்னலுக்கு வெளியே டங் என்று ஓர் அடி விழுந்தது. மேசையில் கோப்பி நடுங்கிற்று.

"உனக்குத் தெரியாம அழுக்கானா அது அழுக்கு" என்றார் கடைசியில். "நீயே அழுக்கு பண்ணு. எவ்வளவு, எப்போ, எந்த அழுக்குன்னு தெரிஞ்சு பண்ணு. அப்புறம் வா. நான் குழுவுக்கு ரெண்டையும் சொல்றேன், முதல்ல தப்பு, அப்புறம் இது. ரெண்டாவது இல்லேன்னா முதலாவதை மட்டும் சொல்லுவேன். அது உனக்கு நல்லா இருக்காது."

"எனக்கும் தெரியும், ப்ரொஃப்."

முதலில் வீட்டுக்கார அம்மாவின் நல்லெண்ணெய். அதில் ஒரு துளியைக் கரைத்து, வெறும் தங்கத்தின் மேல் முதல் படலமாக ஏற்றினார். அதன் மேல் இரும்பு மூலக்கூறு. கோட்டில் ஒரு மேடு வந்தது, வளைந்து நெளிந்து, நோயாளி மாதிரி. சூட்டில் படுத்தது. குளிரில் பாதிதான் எழும்பிற்று. ஆனால் எழும்பிற்று. எண்ணெயில் பலதும் கலந்திருக்கும், ஒரே சீராக நிற்காது, அதற்குள் இருக்கிற கொழுப்பு அமிலம் மாதிரி ஒன்று சுத்தமாகத் தனியே வேண்டும் என்றார். அது எங்கள் சாமான் அறை அலமாரியிலேயே இருந்தது. வெள்ளை மெழுகு மாதிரி, ஒரு பழுப்புப் புட்டியில். நான் மாதா மாதம் தூசி தட்டி வைக்கிற புட்டி.

என் வேலைதான் குழம்பிப்போனது. தொட்டியை ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் துடைக்க வேண்டும், துடைத்த பிறகு அவர் அதில் கொழுப்பை விடுவார். "அப்படின்னா நான் எதுக்கு மிஸ் துடைக்கணும்?" என்று கேட்டேன். "நம்ம அழுக்கு மட்டும் இருக்கணும்ணே, ஊர் அழுக்கு இருக்கக்கூடாது" என்றார். துடைத்தேன். இந்த வேலைக்கு விடுமுறை பார்க்க நேரமில்லை. இடி விழுவதற்கும் அடுத்த இடி விழுவதற்கும் நடுவில் தகட்டை மேலே எடுத்தார். ஐஸ் இயந்திரம் பழுது. குளிர்நீருக்கு ஐஸ் வேண்டி நான் கேன்டீன் பானக் கடைக்கு வாளியோடு ஓடுவேன். "என்னா, இன்னைக்கும் ஐஸா? ஒரு கோப்பி வாங்கமாட்டியா லா? கஞ்சன்!" என்று அந்தச் சீனத்து அக்கா ஒவ்வொரு தடவையும் கத்துவார். கத்திக்கொண்டே வாளி நிறையப் போடுவார்.

குழு வந்த நாள் காலையில் நான் வீட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிப் போகவில்லை. பேருந்தில் ஏறின பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

கோட்டும் டையும் போட்டவர்கள் சின்ன அறையில் நெருக்கியடித்து நின்றார்கள். வெளிநாட்டு நிபுணர் உயரமான வயசாளி, எல்லாவற்றையும் மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்ப்பார். பேராசிரியர் சொன்னபடி முதலில் தீபாவளிக் கதையைச் சொன்னார். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். நிபுணர் சிரிக்கவில்லை. "இந்த அம்மையார் சொல்லாமல் விட்டிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்குமா?" என்று பேராசிரியரிடம் கேட்டார். "தெரிந்திருக்காது" என்றார் பேராசிரியர்.

மிஸ் புதிய தகட்டை வைத்தார். குளிரில் மேடு. வெந்நீருக்குத் திருப்பினார், மேடு சரிந்து தரையானது. மறுபடி குளிர்நீர். பேனா போய்க்கொண்டே இருந்தது. நேராக. இன்னும் நேராக. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாளியில் ஐஸ் கரைந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன், பாதிதான் இருந்தது. ஐஸ் வாங்க ஓடலாமா, ஓடினால் கதவைத் திறக்க வேண்டும், கதவைத் திறந்தால் காற்று வரும். மிஸ் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்து, ஒரு கையால் மறு கையைப் பிடித்திருந்தார். எனக்கு மட்டும் அது தெரிகிற இடத்தில் நான் நின்றிருந்தேன்.

பேனா மெல்ல மேலே ஏறத் தொடங்கியது.

நிபுணர் குனிந்து, காகிதத்தை மூக்கால் தொடுகிற மாதிரி பார்த்தார். "இன்னொரு முறை" என்றார். அப்புறம், "இன்னொரு முறை." மதியச் சாப்பாட்டுக்கு அவர்களைக் கூப்பிட வந்தவர் வாசலில் காத்துக்கொண்டே நின்றார்.

மூன்று வருடம் கிடைத்தது. செய்தி வந்த அன்று மிஸ் தபால் நிலையத்துக்குப் போய்த் தந்தி கொடுத்துவிட்டு வந்து, மறுபடி தொட்டி முன்னால் உட்கார்ந்தார். அந்தப் படலத்தை வைத்து யாரும் கணினி செய்யவில்லை. அவர்கள் எழுதிய கட்டுரையில் எள்ளெண்ணெய் ஒரு வரியில் வந்ததாகச் சொன்னார்கள். அந்த ஆங்கிலம் எனக்குப் படித்தாலும் புரியாது, படத்தை மட்டும் பார்த்தேன். மேடும் பள்ளமுமாக அழகாக இருந்தது.

குழந்தை வந்த அன்று என்னையும் என் மனைவியையும் சாங்கி விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். விமானம் இறங்கிவிட்டதா, இறங்காமல் வேறெங்கும் போய்விட்டதா என்று நான் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மாமனார் தள்ளுவண்டியோடு வந்தார். வேட்டி கட்டியவர் அங்கே அவர் ஒருவர்தான். பக்கத்தில் ஒரு சின்னப் பெண். இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். ஊரைவிட்டுக் கிளம்புகிற அன்றைக்கு என்று தலையில் எண்ணெயை அப்படித் தேய்த்து விட்டிருந்தார்கள். நெற்றி, காதோரம், கழுத்து எல்லாம் வழிந்து மினுமினுத்தது.

வெளியே வந்ததும் அது தாத்தாவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அதற்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் வெட்கம். மிஸ் கூப்பிடவில்லை. தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தை வேட்டியை விட்டுவிட்டு ஓரெட்டு முன்னால் வந்து நின்றது. மிஸ் அதை இழுத்து, அந்த எண்ணெய்த் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எடுக்கவே இல்லை. கன்னம், மூக்கு, முன்நெற்றி முடி, இரண்டு உள்ளங்கை எல்லாம் எண்ணெய்.

மறுநாள் காலையில் தொட்டி வேலை இருந்தது. புதுத் தங்கத் தகடுகள் வந்திருந்தன, தண்ணீர் தயாராக இருந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

"மிஸ், நாளைக்குத் தொட்டி..."

என் மனைவி என் கையைக் கிள்ளினாள்.

"நாளைக்கு நான் வரலண்ணே" என்றார் மிஸ், தலையைத் தூக்காமலே.

சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் வந்தவர் சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை வரவில்லை. பேராசிரியர் காலையில் அறைக்குள் எட்டிப் பார்த்து, எங்கே அவள் என்று என்னைக் கேட்டார்.

"தலையில எண்ணெய், ப்ரொஃப்" என்றேன்.

அவர் கதவில் ஒட்டியிருந்த என் அறிவிப்பைப் பார்த்தார். "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். கோப்பியை எடுத்துக்கொண்டு அவர் போனதும் தொட்டியை மூடி வைத்தேன்.